மகளுக்கு கிளட்ச் பழக்குதல்

அன்புள்ள ஆசிரியருக்கு,

என் மகளுக்கு 18 வயது முடிந்து எல்.எல்.ஆர். வாங்கிவிட்டாள். நான் ஆசைப்பட்டு வாங்கிய பழைய ஃபியட் அபார்த் புன்டோ காரில்தான் பழகுவேன், அடுத்து, கூம்புகள் வைத்த தடத்தில் நேரம் கணக்கிட்டு ஓட்டும் ஆட்டோகிராஸ் போட்டியிலும் ஓட்டுவேன் என்கிறாள். ஆட்டோமேட்டிக் காலத்தில் இது எதற்கு என்கிறார் மைத்துனர். பக்கத்தில் உட்கார்ந்தால் நானோ கத்திவிடுகிறேன். எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

ஆர்., தக்கலை

அன்புள்ள ஆர்.,

18 முடியும்வரை நீங்கள் காத்திருந்தது நல்லது. 2019ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்துக்குப் பின், சிறுவர் வண்டியோட்டிக் குற்றம் நேர்ந்தால் பெற்றோருக்கு மூன்றாண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. மைத்துனர் சொல்வது தினசரிப் பயணத்துக்குச் சரி. மார்த்தாண்டம் நெரிசலில் அரை கிளட்சில் ஊர்ந்தவர் எவரும் அவரை மறுக்கமாட்டார். ஆனால் உங்கள் மகள் கேட்பது வேறு.

முதலில் கூம்புகளை மறந்துவிடுங்கள். உரிமையாளரின் அனுமதியோடு, சுற்றுச்சுவர் உள்ள ஒரு சமதள மைதானத்தில், ஆக்சிலரேட்டரைத் தொடாமல் கிளட்சை மட்டும் விட்டு வண்டியை நகர்த்தச் சொல்லுங்கள். குதிகாலைத் தரையில் ஊன்றி மெல்ல விடும்போது எஞ்சின் ஓசை சற்றுத் தணிந்து, பானட் இலேசாக நிமிரும். அந்த இடத்திலேயே பாதத்தை ஒரு கணம் நிறுத்தினால் வண்டி தானாக உருளத் தொடங்கும். எஞ்சின் நின்றுபோனால் பேசாமல் இருங்கள். அந்த இடம் கண்ணால் பார்க்காமலே காலுக்குப் பிடிபட்ட பிறகுதான் இரண்டாம் கியருக்குப் போகவேண்டும், ஏனென்றால் ஆட்டோகிராஸில் புறப்பட்டதும் இரண்டாம் கியருக்கு மாறினால் பெரும்பாலும் கடைசிவரை அதிலேயேதான் ஓட்டம்.

அடுத்தது பிரேக்; என் கணிப்பில் பாடத்தின் பெரும்பகுதி இதுதான். உங்கள் வண்டியின் 145 குதிரைத்திறனும் முன்சக்கரங்கள் வழியாகவே தரைக்குப் போகிறது. வளைவில் ஸ்டியரிங் திரும்பியிருக்கும்போது ஆக்சிலரேட்டரை மிதித்தால், எஞ்சினுக்குக் கூடுதல் காற்றைத் தள்ளும் டர்போ சற்றுத் தாமதித்து ஒரேயடியாக இழுக்கும். திருப்பவும் இழுக்கவும் ஒருசேரப் பணிக்கப்பட்ட முன்டயர்கள் பிடியை இழந்து, வண்டி வளைவுக்கு வெளியே நேராக ஓடும். புதிதாகப் பழகுபவர்கள் அப்போது ஸ்டியரிங்கை இன்னும் ஒடிப்பார்கள். செய்யவேண்டியது, ஆக்சிலரேட்டரைத் தளர்த்தி, ஸ்டியரிங்கையும் கொஞ்சம் நேராக்கி, டயர்கள் பிடிக்கும்வரை பொறுப்பது. இதைவிட நல்லது, நேர்க்கோட்டிலேயே பிரேக் பிடித்து வேகத்தை முடித்துக்கொண்டு வளைவுக்குள் நுழைவது. நம் நாட்டில் மண்தரையில் நடக்கும் போட்டிகளும் உண்டு. தளர்ந்த சரல் மண்ணில், பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் இருந்தும் வண்டி நிற்கக் கூடுதல் தூரம் எடுக்கும் என்பதை அவள் குறைந்த வேகத்தில் ஒருமுறையாவது உணரவேண்டும். இரண்டு பருவமழையும் பெய்யும் நம் மாவட்டத்தில் ஈரத்தரைக்குப் பஞ்சமில்லை.

கத்துவதைப் பற்றி: நாம் கத்துவது பெரும்பாலும் பிழை நடந்தபின்தான், அதனால் பயனில்லை. 'பிரேக்', 'பார்' என்ற இரண்டு சொற்களை மட்டும் முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டு, வளைவு வருமுன் சொல்லுங்கள். 'பார்' என்றால் அருகிலிருக்கும் கூம்பையல்ல, அதற்கடுத்த கூம்பை. கண் போகும் பக்கம் கை போகும்.

குலசேகரம் சாலையில் இந்தப் பயிற்சி எதுவும் வேண்டாம். அங்கே 'எல்' பலகையோடு சாதாரணமாக ஓட்டிப் பழகினால் போதும். இன்னொன்று, ஃபியட் புதிய கார் விற்பனையை இங்கே நிறுத்திவிட்டது. பழகத் தொடங்குமுன் கிளட்ச் பிளேட் எங்கே கிடைக்கும் என்று மெக்கானிக்கிடம் கேட்டுவையுங்கள், அது நிச்சயம் தேவைப்படும்.