பதில்: 1903இல் பிறந்தவர் 1916இல் சோம் போரில் இருக்க முடியுமா?

வணக்கம் நண்பரே. பள்ளிக் கண்காட்சிப் பலகையில், முதல் உலகப் போரில் போரிட்ட பிரிட்டிஷ் சிறுவன் சிட்னி லூயிஸ் பற்றி நீங்கள் எழுதிய ஆண்டுகளை எழுத்துப்பிழை என்று சொல்லித் தலைமையாசிரியர் திருத்தச் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து திருத்தாதீர்கள். சிட்னி லூயிஸ் பிறந்தது 1903 மார்ச் மாதத்தில்தான். 1915 ஆகஸ்டில் பிரிட்டிஷ் ராணுவத்தின் ஈஸ்ட் சர்ரே படைப்பிரிவில் சேர்ந்தபோது அவருக்கு 12 வயது.

எப்படி முடிந்தது? பிரிட்டனில் படையில் சேர 18 வயதும், கடல் கடந்து போரிட 19 வயதும் வேண்டும் என்பது அப்போதைய விதி. ஆனால் பிறப்புச் சான்றிதழைக் காட்டச் சொல்லும் கட்டாயம் அப்போது இருக்கவில்லை. பையன் சொன்ன வயதையே எழுதிக்கொண்டார்கள். 13 வயதில் அவர் இயந்திரத் துப்பாக்கிப் பிரிவோடு பிரான்சின் டெல்வில் வுட் காட்டில் நின்றார்; சோம் போரில் மிகக் கொடிய களங்களுள் ஒன்று அது. அந்த வயதுப் பிள்ளைகளுக்குத்தானே உங்கள் பலகை? அந்த வரியைப் பெரிய எழுத்தில் போடுங்கள்.

அவரை மீட்டது தாய். மகனின் பிறப்புச் சான்றிதழைப் போர் அலுவலகத்துக்கு அனுப்பி, அவரைத் திருப்பி அனுப்பக் கேட்டார். 1916இல் வீடு வந்தவர் 1918இல் மீண்டும் சேர்ந்தார். இரண்டாம் உலகப் போரில் வெடிகுண்டுகளைச் செயலிழக்கச் செய்யும் பணியில் இருந்தார்.

தலைமையாசிரியர் ஆதாரம் கேட்டால், லண்டன் இம்பீரியல் போர் அருங்காட்சியகம் 2013இல் ஆவணங்களைச் சரிபார்த்து அவரது கதையை ஏற்றுக்கொண்டதைச் சொல்லுங்கள்.