இடுப்பு மூட்டு மாத்தினா உலோக விஷம் ஏறுமா?

செயற்கை இடுப்பு மூட்டுல இருக்கிற உலோகம் ரத்தத்துல கலந்து விஷமாகுமான்னு கேட்டிருக்கீங்க. ஆகலாம், ஆனா எல்லா மூட்டும் ஒண்ணு இல்ல. பெரிய பிரச்சனை, தொடை எலும்புப் பக்கம் வைக்கிற பந்து, அது சுழல்ற கிண்ணம் ரெண்டுமே கோபால்ட்-குரோமியம் உலோகத்துல செஞ்ச மூட்டுலதான், நடக்க நடக்க ரெண்டும் உரசி கண்ணுக்கே தெரியாத துகளா உதிரும், அது சுத்தியிருக்கிற தசையை அரிக்கும், எலும்பைக் கரைக்கும், கட்டி மாதிரி வீங்கும், கோபால்ட் ரத்தத்துலயும் ஏறும். டீபைங்கிற கம்பெனி 2010ல உலகம் முழுக்க திரும்பப் பெற்றுக்கிட்ட ஏஎஸ்ஆர்ங்கிற மூட்டும் இந்த வகைதான்.

இப்போ அதிகம் வைக்கிறது பிளாஸ்டிக் கிண்ணம், உலோகம் இல்லன்னா செராமிக் பந்து. இதுல ஆபத்து ரொம்பக் கம்மி, ஆனாலும் உலோகப் பந்து, தொடை எலும்புக்குள்ள இறக்கிற தண்டோட சேர்ற இடத்துல சில பேருக்கு உலோகம் அரிச்சுப் போகும்.

எனக்குக் கவலை என்னன்னா இடுப்பு வலின்னா உடனே டாக்டர்கிட்ட போறோம், ஆனா காது மந்தமாகுது, பார்வை மங்குது, கை கால் மரத்துப்போகுது, மூச்சு வாங்குது, தைராய்டு குறையுதுன்னா வயசாயிடுச்சுன்னு விட்டுடுறோம். கோபால்ட் ரொம்ப ஏறினா இதயத் தசையே பலவீனமாகும்ங்க, அதனால எந்த டாக்டர்கிட்ட போனாலும் மூட்டு மாத்தினதைச் சொல்லுங்க.

ரத்தத்துல கோபால்ட், குரோமியம் அளவு பாக்கலாம், லிட்டருக்கு 7 மைக்ரோகிராமுக்கு மேல போனா கண்டிப்பா விடாம கவனிக்கணும்னு பிரிட்டன்ல வழிகாட்டுதல் இருக்கு. கூடவே உலோகம் படத்தை மறைக்கிறதைக் குறைக்கிற எம்ஆர்ஐ ஸ்கேனும் எடுப்பாங்க. அளவு ஏறிட்டே போனா, திசு கெட்டிருந்தா அந்த மூட்டை எடுத்துட்டு வேற வைக்கிறதுதான் சிகிச்சை, எடுத்தப்புறம் ரத்த அளவு இறங்கிடும். ஆபரேஷன் ரிப்போர்ட்ல மூட்டோட வகை எழுதியிருக்கும், முதல்ல அதைத் தேடி எடுத்துப் பாருங்க.