பாஸ்போர்ட்டை நிறுத்திய மறியல் வழக்கு

கேள்வி: 2021-இல் குடிநீர் கேட்டு எங்கள் ஊரில் நடந்த சாலை மறியலில் கலந்துகொண்டதற்காக என் மீது சட்டவிரோதக் கூட்டம், வழிமறித்தல், அரசு ஊழியர் உத்தரவை மீறுதல் ஆகிய பிரிவுகளில் எஃப்.ஐ.ஆர். போடப்பட்டது. எங்கள் மீது விரோதம் கொண்ட போலீஸ் ஆய்வாளர், கவுன்சிலரின் தூண்டுதலில் அதைப் போட்டார். பிறகு யாரும் என்னைக் கூப்பிடவில்லை. இப்போது துபாயில் வேலை கிடைத்துள்ள நிலையில், போலீஸ் விசாரணையில் ‘வழக்கு நிலுவை’ என அறிக்கை போயிருப்பதால் பாஸ்போர்ட் அலுவலகம் விளக்கம் கேட்டிருக்கிறது. விண்ணப்பத்தை நிரப்பிய கணினி மையத்தார் வழக்கு பற்றிய கேள்விக்கு ‘இல்லை’ எனக் குறித்துவிட்டார்கள். தண்ணீர் கேட்டது குற்றமா? அடிப்படை உரிமையை வைத்து உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடலாமா?

பதில்: வெளிநாடு செல்வது அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவு தரும் தனிமனித சுதந்திரத்தில் அடங்கும் என்பது 1978-இல் மேனகா காந்தி வழக்கிலேயே உறுதியான ஒன்று, அதை மீண்டும் நிறுவ நீங்கள் செலவழிக்க வேண்டியதில்லை. ஆய்வாளரின் விரோதமும் கவுன்சிலரின் தூண்டுதலும் பாஸ்போர்ட் அலுவலகத்துக்குத் தேவையற்றவை. பாஸ்போர்ட் சட்டம் 6(2)(எஃப்) பிரிவு, குற்ற வழக்கு ‘நீதிமன்றத்தில்’ நிலுவையில் இருந்தால் மட்டுமே மறுக்கச் சொல்கிறது. எனவே குற்றப்பத்திரிகை தாக்கலாகி, அதை மாஜிஸ்திரேட் கோப்பில் எடுத்து எண் கொடுத்துவிட்டாரா என்பது ஒன்றுதான் கேள்வி. இல்லையென்றால் வெறும் எஃப்.ஐ.ஆர். தடையாகாது, அதைச் சொல்லிப் பதில் எழுதினால் போதும், உங்கள் ‘இல்லை’யும் சரியான விடையே.

வழக்கு கோப்பில் இருந்தால்தான் சிக்கல், அதுவும் மறியலால் அல்ல, அந்த ‘இல்லை’யால். தெரிந்தே தகவலை மறைப்பது பாஸ்போர்ட் சட்டம் 12-ஆம் பிரிவின்படி இரண்டு ஆண்டு வரை சிறைத்தண்டனைக்குரிய தனிக் குற்றம்; அற்ப வழக்கோடு வந்து, இதற்காகப் பெரிய வழக்கைச் சம்பாதித்துக்கொண்டு போனவர்களைப் பார்த்திருக்கிறேன். கணினி மையத்தார் மீது பழிபோடுவது எடுபடாது, விண்ணப்பம் உங்களுடையது. சம்மன் வராததால் வழக்கு கோப்பில் ஏறியது தெரியாது என்பது உண்மையானால், அலுவலகம் முடிவெடுக்கும் முன்பே அதை எழுத்தில் கொடுத்துத் திருத்திக்கொள்ளுங்கள்.

அடுத்து, ரிட்டை மறந்துவிட்டு, வழக்கு நடக்கும் நீதிமன்றத்திலேயே வெளிநாடு செல்ல அனுமதி கேளுங்கள். மத்திய அரசின் 1993-ஆம் ஆண்டு அறிவிக்கையின்படி அந்த அனுமதி உத்தரவும், நீதிமன்றம் அழைத்தால் வருவேன் என்ற உறுதிமொழியும் இருந்தால் பாஸ்போர்ட் தர வழியுண்டு. ஆனால் உத்தரவில் காலம் குறிக்கப்படாவிட்டால் ஓராண்டுக்கு மட்டுமே கிடைக்கும். ‘ஆட்சேபணை இல்லை’ என்ற ஒற்றை வரியோடு சந்தோஷமாகத் திரும்பிய கட்சிக்காரர்கள், விசாவுக்கே ஆறு மாதச் செல்லுபடி தேவை என்று தெரிந்ததும் மறுபடி படியேற வேண்டியிருந்தது. எத்தனை ஆண்டுகளுக்கு வேண்டும் என்பதை மனுவிலேயே குறித்துக் கேளுங்கள். குறைவாகக் கிடைத்தாலும் வாங்கிக்கொண்டு வேலையில் சேருங்கள். உரிமையை முழுதாக நிலைநாட்டும் வரை அந்த வேலை உங்களுக்காகக் காத்திருக்காது.

‘குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டிவிடு, இன்றே முடிந்துவிடும்’ என்று நீதிமன்ற வாசலில் யாராவது சொல்வார்கள். அபராதம் சில நூறு ரூபாய்தான் என்றாலும் அது தண்டனைத் தீர்ப்பு. நாளை அரசு வேலைக்கோ வேறு நாட்டு விசாவுக்கோ விண்ணப்பிக்கும்போது அதற்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும். அரசு ஊழியர் உத்தரவை மீறியதற்குச் சம்பந்தப்பட்ட அதிகாரியின் எழுத்துப்பூர்வப் புகார் வேண்டும், போலீஸின் எஃப்.ஐ.ஆர். போதாது என்று 2018-இல் ஜீவானந்தம் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது. மேலும், நீங்கள் சொல்லும் பிரிவுகளுக்கு உச்சத் தண்டனை ஓராண்டைத் தாண்டாததால், ஓராண்டுக்குப் பின் தாக்கலான குற்றப்பத்திரிகையைக் காலவரம்பைக் காட்டியும் எதிர்க்கலாம். வழக்கையே ரத்து செய்யக் கோரி உயர் நீதிமன்றத்தில் மனு போட இவை நல்ல காரணங்கள். நீங்கள் துபாயில் இருக்கும்போதே உங்கள் வழக்கறிஞர் அதை நடத்துவார்.

அதுவரை நேரில் ஆஜராவதிலிருந்து விலக்குப் பெறாமல் விமானம் ஏறாதீர்கள். வாய்தாவுக்கு வராததால் பிடிவாரண்டு பிறந்தால், கையிலிருக்கும் பாஸ்போர்ட்டையே அதே பாஸ்போர்ட் சட்டத்தின் 10(3)(ஹெச்) பிரிவின்படி முடக்க முடியும்.