நாலு வருஷம் என்ன செஞ்சீங்க? – கடிதம்

அன்புள்ள ஐயா,

பி.காம். முடித்துவிட்டு நான்கு ஆண்டுகள் சிவில் சர்வீஸ் தேர்வுக்குப் படித்தேன். 2024இல் பிரிலிம்ஸ் என்ற முதல்நிலைத் தேர்வில் தேறி, அடுத்த கட்டமான மெயின்ஸ் எழுதினேன். நேர்முகத்துக்கு அழைப்பு வரவில்லை. இப்போது தனியார் வேலை தேடுகிறேன். போகிற இடமெல்லாம் "நாலு வருஷம் என்ன செஞ்சீங்க?" என்கிறார்கள். அடுத்து, "திரும்ப எக்ஸாம் எழுதப் போயிட மாட்டீங்களே?" வீட்டிலிருந்தே டேலியில் கணக்கு எழுதும் வேலை பார்த்ததாகச் சொல்லிவிடு என்கிறார்கள் தோழிகள். என்ன சொல்லட்டும்?

கே., திண்டுக்கல்

அன்புள்ள கே.,

அந்தப் பொய் வேண்டாம். யாருக்குக் கணக்கு எழுதினீர்கள், ஜிஎஸ்டி ரிட்டர்ன் யார் போட்டது என்று அடுத்த கேள்வி வரும். அங்கே மாட்டிக்கொண்டால், உண்மையாகப் படித்த நான்கு வருஷத்தையும் நம்ப மாட்டார்கள்.

ஆள் எடுக்கும் பக்கம் சில ஆண்டுகள் உட்கார்ந்திருக்கிறேன். "தேர்வுக்குப் படிச்சேன் சார்" என்று தலைகுனிந்து சொல்லி, அதோடு நிறுத்திக்கொள்பவர்களைப் பார்த்தால் மனது கஷ்டமாக இருக்கும். கேட்பவருக்கு அந்தத் தேர்வைப் பற்றி அதிகம் தெரியாது. நீங்கள்தான் சொல்ல வேண்டும். 2024இல் பிரிலிம்ஸ் எழுதியவர்கள் 5,83,213 பேர். மெயின்ஸுக்குத் தேறியவர்கள் 14,627. கிட்டத்தட்ட நாற்பது பேருக்கு ஒருவர். கடைசியில் பணிக்குப் பரிந்துரைக்கப்பட்டவர்களே 1,009 பேர்தான். அப்புறம், மெயின்ஸ் பொதுப்பாடத் தாள்களில் மூன்று மணி நேரத்தில் இருபது கேள்விகளுக்குக் கையால் பதில் எழுதினீர்களே, அதையும் சொல்லுங்கள். தெரியாத விஷயத்தைப் படித்து, சாரத்தைப் பிடித்து, 150 வார்த்தையில் எழுதத் தெரிந்தவர் எந்த அலுவலகத்துக்கும் வேண்டியவர். ஒரு நிமிடம் போதும். மன்னிப்புக் கேட்கும் குரல் மட்டும் கூடாது.

இரண்டாவது கேள்விதான் கடினம். அவர்கள் பயம் நியாயமானது. மூன்று மாதம் வேலை பழக்கிய ஆள் போய்விட்டால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். உங்களுக்கோ இன்னும் வயது இருக்கிறது. பொதுப் பிரிவுக்கே 32 வரை எழுதலாம். அதனால் கிளம்பும் முன்பே வீட்டில் உட்கார்ந்து முடிவெடுங்கள். விட்டுவிட்டீர்கள் என்றால் அதையும், ஏன் என்பதையும் ஒரே வரியில் சொல்லுங்கள். விடவில்லை என்றால், "வேலை பார்த்துக்கொண்டே எழுதுவேன், மெயின்ஸ் வந்தால் அந்த நாட்களுக்கு மட்டும் லீவு கேட்பேன்" என்று சொல்லிவிடுங்கள். இரண்டொரு இடம் கைவிட்டுப் போகலாம், போகட்டும். தெரிந்தே சேர்த்துக்கொள்கிற ஒருவரிடம் நீங்கள் பயமில்லாமல் வேலை பார்க்கலாம்.

சரி, ஒரு சின்ன வேலை. பிரிலிம்ஸ் தேறியவர்கள் பட்டியலில் உங்கள் பதிவெண் உள்ள பக்கத்தை அச்செடுத்து, மெயின்ஸ் ஹால் டிக்கெட்டோடு ஃபைலில் வைத்துக்கொள்ளுங்கள். கேட்டால் எடுத்துக் காட்டலாம்.

அன்புடன்.