பார்வை போன பின் கைபேசி: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: என் அப்பாவுக்கு 62 வயது, நெல் விவசாயி. சர்க்கரை நோயால் விழித்திரை கெட்டு இரண்டு கண்ணிலும் பார்வை போய்விட்டது. அவருடைய ஆண்ட்ராய்டு போனில், திரையில் இருப்பதைப் பேசிச் சொல்லும் டாக்பேக் வசதியைப் போட்டோம். தொட்டால் எதுவும் திறக்கவில்லை, பேசிக்கொண்டே இருந்தது. அணைப்பதற்குள் போதும் போதுமென்றாகிவிட்டது. எங்கிருந்து தொடங்குவது?
– வாசகி, மன்னார்குடி

பதில்: போன் கெடவில்லை அம்மா. டாக்பேக் ஓடும்போது ஒருமுறை தொட்டால், விரலுக்கடியில் இருப்பதன் பெயரை மட்டும் சொல்லும். அதைத் திறக்க, திரையில் எங்கு வேண்டுமானாலும் ஒரு விரலால் சட்டென்று இரண்டு தட்டு. பக்கத்தை நகர்த்த இரண்டு விரல் வேண்டும். பார்வையுள்ளவர்கள் பழக்கத்தில் ஒரு விரலால் இழுத்துவிட்டுத்தான் சிக்கிக்கொள்கிறார்கள்.

மறுபடி போடுவதற்கு முன் இரண்டு வேலை இருக்கிறது. செட்டிங்ஸில் அக்சசிபிலிட்டி, அதற்குள் டாக்பேக் போய், அதன் ஷார்ட்கட்டாக இரண்டு வால்யூம் பட்டன்களையும் வையுங்கள். இரண்டையும் சேர்த்துச் சில விநாடி அழுத்திப் பிடித்தால் டாக்பேக் வரும், மறுபடி பிடித்தால் போகும். இதை முதலில் அப்பாவின் கைக்கே பழக்குங்கள். அடுத்து, எழுத்தைப் பேச்சாக்கும் டெக்ஸ்ட் டு ஸ்பீச் பகுதியில் தமிழ்க் குரலை இறக்கி, வேகத்தைக் குறைத்து வையுங்கள். காது பழகியதும் அவரே கூட்டச் சொல்வார்.

இனி விரல். வலப்பக்கம் ஒரு வீச்சு வீசினால் அடுத்த பொருள், இடப்பக்கம் வீசினால் முந்தியது. வீச்சு சுருக்காக இருக்க வேண்டும். மெதுவாக இழுத்தால் தடவிப் பார்ப்பதாகவே போன் எடுத்துக்கொள்ளும். இரண்டு தட்டுக்கு நடுவே இடைவெளி கூடினாலும் திறக்காது. போனைப் பிடித்திருக்கும் கையின் கட்டைவிரல் திரை ஓரத்தில் பட்டால் அதுவும் ஒரு விரல் கணக்கு. அதனால் முதலில் மேசைமேல் வைத்துப் பழகட்டும். மண்வெட்டி பிடித்துக் காய்ப்பேறிய, வறண்ட விரல்நுனியைத் திரை சில நேரம் உணராது. கையை ஈரத்துணியால் துடைத்து, உலர்ந்ததும் தொடலாம். ரேகை தேய்ந்திருந்தால் கைரேகைப் பூட்டும் தகராறு செய்யும். கோடு இழுக்கும் பூட்டைவிட எண் பூட்டு எளிது.

தொடக்கத்தில் அழைப்பு மட்டும் போதும். புதிய போன்களில் இரண்டு விரலால் இரண்டு தட்டு தட்டினால் அழைப்பை எடுக்கலாம், வைக்கலாம். இரண்டு விரலால் ஒரே தட்டு, பேச்சை நிறுத்தும். வழி தவறினால் விரலை எடுக்காமல் மேலே போய் இடப்பக்கம் திரும்பினால் முகப்புக்கு வந்துவிடலாம். கீழே போய் இடப்பக்கம் திரும்பினால் ஒரு படி பின்னால்.

திடீரென்று ‘போன் பேசவில்லை’ என்பார். டாக்பேக்கின் ஒலியளவு தனி. அழைப்பு ஒலியைக் குறைக்கப் போய் அதைக் குறைத்திருப்பார். ஒரு விரலால் திரையைத் தடவிக்கொண்டே மறுகையால் ஒலியைக் கூட்டினால் குரல் திரும்பும்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறோம்: அவர் தடுமாறும்போது போனைக் கையிலிருந்து வாங்காதீர்கள். ‘இங்கே, அங்கே’ என்றால் அவருக்கு விளங்காது. ‘இடது கீழ் மூலை’ என்று சொல்லுங்கள்.

கேள்வி: எனக்குப் பார்வை போய் ஒரு வருடமாகிறது. வாட்ஸ்ஆப் செய்திகள் சில நன்றாகக் கேட்கின்றன, சில உளறலாக இருக்கின்றன, சில ‘படம்’ என்று மட்டும் சொல்கின்றன. ஏன்?
– வாசகர், கும்பகோணம்

பதில்: உளறல், தமிழை ஆங்கில எழுத்தில் அடித்த செய்திகள். ‘எப்ப வரீங்க’ என்பதை ஆங்கில எழுத்தில் அனுப்பினால், குரல் அதை ஆங்கிலச் சொல்லாக நினைத்துப் படிக்கும். வீட்டாரைத் தமிழ் எழுத்தில் அடிக்கவோ குரல் பதிவு அனுப்பவோ சொல்லுங்கள். தொடர்புப் பட்டியலில் உள்ள பெயர்களையும் தமிழில் மாற்றி வையுங்கள், மாப்பிள்ளை மாப்பிள்ளையாகவே ஒலிப்பார்.

மேட்டூர் நீர்மட்டமும் நெல் கொள்முதல் அறிவிப்பும் பெரும்பாலும் படமாகத்தான் சுற்றுகின்றன. படத்துக்குள் இருக்கும் எழுத்து டாக்பேக்குக்குப் பெரும்பாலும் வெறும் படம். அதே செய்தி எழுத்தாக வரும் செய்தித்தளத்தில் கேட்பது சுலபம். பதில் எழுத, விசைப்பலகையில் மைக்கைத் தேடி இரண்டு தட்டு தட்டிப் பேசுங்கள். அனுப்பும் முன் ஒருமுறை கேட்டுவிடுங்கள், ‘வரவில்லை’ ‘வரவேண்டும்’ ஆகிவிடக்கூடாது.

கேள்வி: கடைத்தெருவில் போனில் பணம் கட்டலாமா?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: கட்டலாம். ரகசிய எண் அடிக்கும்போது ஒரு காதில் மட்டும் இயர்போன் போடுங்கள், மறு காது தெருவுக்கு வேண்டும். மூன்று விரலால் ஒரு தட்டு தட்டினால் வரும் டாக்பேக் பட்டியலில் திரையை மறைக்கும் வசதி உண்டு. திரை கறுத்துவிடும், பக்கத்தில் நிற்பவருக்கு எதுவும் தெரியாது. கியூஆர் கட்டத்தைக் குறிபார்ப்பதைவிடக் கடைக்காரரின் எண்ணை அடிப்பது எளிது. பெயரைக் கேட்டு உறுதி செய்த பிறகே தொகையை அடியுங்கள். பணம் பெறுவதற்கு ரகசிய எண் ஒருபோதும் தேவையில்லை. யாராவது கேட்டால் அது மோசடி.

நோட்டாக வாங்கினால், ரிசர்வ் வங்கி 2020இல் வெளியிட்ட ‘மணி’ செயலி இணையம் இல்லாமலேயே அதன் மதிப்பைச் சொல்லும். கள்ளநோட்டா என்று மட்டும் சொல்லாது.