ஜெர்மனியின் கோல் கீப்பர் ஆலிவர் கான் என்றாலே ஏன் எல்லோரும் அந்த ஒரு கோலைச் சொல்கிறார்கள்?

"2002 கால்பந்து உலகக் கோப்பை இறுதிப் போட்டியில் பந்தை நழுவவிட்டுத் தோற்கக் காரணமானவரை எதற்குப் பெரிய கோல் கீப்பர் என்று கொண்டாடுகிறார்கள்?" என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த ஆட்டத்தை நீங்கள் முழுசாகப் பார்த்திருக்க மாட்டீர்கள், ஏதோ ஒரு நிமிட வீடியோவில் பார்த்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். தப்பில்லை. ஆனால் நான் பள்ளியில் மூன்று வருடம் கோல் கீப்பராக நின்றவன், இதைப் படித்துவிட்டுச் சும்மா போக முடியவில்லை.

67-வது நிமிடம். பிரேசிலின் ரிவால்டோ அடித்த பந்து நேராகக் கானிடம்தான் வந்தது, பிடித்திருக்க வேண்டிய பந்து, நான் மறுக்கவில்லை. தெறித்தது, ரொனால்டோ ஓடி வந்து உள்ளே தள்ளினார். 79-வது நிமிடம் இன்னொன்று. 2-0. சரி, ஆனால் இறுதிப் போட்டி நடந்த யோகோஹாமா வரைக்கும் ஜெர்மனி எப்படி வந்தது? முந்தைய ஆறு ஆட்டங்களில் அவர்கள் வாங்கியது ஒரே ஒரு கோல், அதுவும் அயர்லாந்தின் ராபி கீன் ஆட்டம் முடியப்போகிற நேரத்தில் அடித்தது. பராகுவே, அமெரிக்கா, தென் கொரியா மூன்றையும் 1-0 என்றுதான் ஜெயித்தார்கள். அமெரிக்காவோடு ஆடிய காலிறுதியைத் தேடிப் பாருங்கள், கான் இல்லையென்றால் அன்றைக்கே மூட்டை கட்டியிருப்பார்கள். உலகக் கோப்பையின் சிறந்த ஆட்டக்காரருக்கான தங்கப் பந்தை வாங்கிய ஒரே கோல் கீப்பர் இன்றுவரை அவர்தான். இறுதிப் போட்டிக்கு முன்பே ஓட்டுப் போட்டுவிட்டார்கள் என்று கமெண்டில் யாராவது சொல்வீர்கள், தெரியும். அதனால் அந்த ஆறு ஆட்டமும் இல்லையென்று ஆகிவிடுமா?

எனக்கு இது ஏன் இவ்வளவு வலிக்கிறது என்றால், 2001-இல் பள்ளிகளுக்கு இடையிலான எங்கள் ஜோன் மேட்ச் இறுதி ஆட்டம். அரையிறுதியில் இரண்டு பெனால்டி பிடித்தவன் நான். இறுதி ஆட்டத்தன்று மழை, கிரவுண்டு முழுக்கச் சேறு, எனக்குக் கையுறை கிடையாது, வெறுங்கை. சும்மா உருண்டு வந்த பந்து கையில் வழுக்கிக் காலுக்கு நடுவே போய்விட்டது. அதே ஆட்டத்தில் மோதிர விரலும் பிசகியிருந்தது, அதை பி.டி. மாஸ்டரிடம் போய் அழுதுகொண்டே காட்டினேன். பள்ளி முடிக்கும்வரை எனக்குப் பேர் "வெண்ணெய்". அந்த இரண்டு பெனால்டியைப் பற்றி ஒரு பயல் பேசவில்லை. விளையாட்டுக் கட்டணம் என்று வருடாவருடம் வாங்கினார்களே, அதில் ஒரு ஜோடி கையுறை வாங்க முடியாதா?

அடுத்த வருடம்தான் அந்த உலகக் கோப்பை இறுதிப் போட்டி, 2002 ஜூன் 30, ஞாயிற்றுக்கிழமை மாலை. ஆட்டம் முடிந்ததும் கான் கோல் கம்பத்தில் சாய்ந்தபடி உட்கார்ந்திருந்ததை டிவியில் காட்டினார்கள். கால்பந்தே பார்க்காத என் அப்பா, "எந்திரிப்பா, போதும்" என்று டிவியைப் பார்த்துச் சொன்னார். அந்த ஆட்டத்தில் கானுக்கு மோதிர விரல் தசைநார் கிழிந்திருந்தது என்று அப்புறம்தான் தெரிந்தது. அவர் அதைக் காரணமாகச் சொல்லவில்லை. அதைப் படித்த அன்று எனக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை.

2001-இல் ஐரோப்பிய கிளப்புகளுக்கான சாம்பியன்ஸ் லீக் இறுதியில் மிலானில் ஸ்பெயினின் வலென்சியாவுடைய மூன்று பெனால்டிகளைத் தடுத்து, தன் ஜெர்மன் கிளப்பான பேயர்னை ஜெயிக்க வைத்தவர் கான், அன்றைக்கும் அழுதுகொண்டிருந்த எதிரணி கீப்பர் கன்யிசாரெஸைத் தேற்றத்தான் போனார். ஆனால் எனக்குப் பெரிது 2006. சொந்த நாட்டில் உலகக் கோப்பை, பயிற்சியாளர் கிளின்ஸ்மன் அவரை ஓரம்கட்டி யென்ஸ் லேமனை முதல் கீப்பராக்கிவிட்டார். கானுக்கும் லேமனுக்கும் ஆகாது என்பது ஊருக்கே தெரியும். காலிறுதியில் அர்ஜென்டினாவோடு பெனால்டி வரைக்கும் போனது. கான் எழுந்து போய் லேமன் கையைப் பிடித்து ஏதோ சொல்லிவிட்டு வந்தார். லேமன் இரண்டைத் தடுத்தார், ஜெர்மனி ஜெயித்தது. அன்றும் ஜூன் 30, யோகோஹாமாவுக்குச் சரியாக நான்கு வருடம். எனக்குப் பதிலாக இறங்கிய பையனிடம் நான் ஒரு வருடம் பேசாமல் இருந்தவன், அதனால் அந்தக் கைகுலுக்கல் எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும்.

2008-இல் நான் கொல்கத்தாவில் வேலை பார்த்தேன். மே 27, செவ்வாய்க்கிழமை, பேயர்னுக்காகக் கான் ஆடிய கடைசி ஆட்டம் அங்கேதான், சால்ட் லேக் மைதானத்தில், உள்ளூர் கிளப்பான மோகன் பகானோடு. அரை நாள் லீவு போட்டுவிட்டுப் போனேன். லட்சத்துக்கும் மேல் கூட்டம், சட்டை பிழிகிற அளவுக்கு வேர்வை. இரண்டாம் பாதியில் அவரை வெளியே எடுத்தபோது எல்லோரும் எழுந்து நின்றார்கள். பக்கத்தில் ஒரு வங்காளிப் பெரியவர், கண் கலங்கிப்போய், தன் சுண்டு விரலை என்னிடம் நீட்டிக் காட்டினார். நுனி கோணலாக வளைந்திருந்தது. "கோல்கீப்பர்" என்றார். பேயர்ன் 3-0 என்று ஜெயித்து ஆட்டம் முடிகிறவரை அவர் தன் கிளப் கதையைப் பாதி இந்தியிலும் பாதி வங்காளத்திலும் சொன்னார், நான் என் மோதிர விரலைக் காட்டி அந்த இரண்டு பெனால்டியைப் பற்றிச் சொன்னேன்.