அடுத்த சுரங்கம் எப்போது?

அன்புள்ள ஐயா,

மூன்று வருடமாகக் கல்வெட்டுகளைப் பற்றி யூடியூபில் வீடியோ போடுகிறேன். ஊர்ச்சபைக்கு ஆள் எடுக்க ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் போட்ட முறையைச் சொல்லும் உத்திரமேரூர் குடவோலைக் கல்வெட்டுக்காக இரண்டு வாரம் படித்து, மூன்று முறை போய் எடுத்தேன். 900 பேர் பார்த்தார்கள். போன தை மாதம் ஒரு கோயில் சுரங்கத்தைப் பற்றி ஊரில் சொல்லும் கதையை ஒரே நாளில் எடுத்துப் போட்டேன். நான்கு லட்சம் பேர்! இப்போது எதைப் போட்டாலும் "அடுத்த சுரங்கம் எப்போ ப்ரோ?" என்றுதான் கேட்கிறார்கள். கேமராவை எடுக்கவே கை வரவில்லை. கேட்பதையே கொடுத்துவிடலாமா?

ச.

அன்புள்ள ச.,

இரண்டு வீடியோக்களையும் பார்த்தேன். கணக்குக் காட்டாதவர் பெயரைக் குடவோலையில் எழுதக் கூடாது என்ற விதியைப் படிக்கும்போது உங்கள் குரலே மாறுகிறது. சுரங்க வீடியோவில் அப்படி ஓர் இடம்கூட இல்லை. கை வராததற்குக் காரணம் சோம்பல் இல்லை. அடுத்த சுரங்கத்தில் நீங்கள் தெரிந்துகொள்ள ஒன்றும் மிச்சமில்லை.

எனக்கும் இது நடந்தது. ஒரு வாரப் பத்திரிகையில் பேய்வீட்டுக் கதை எழுதினேன். கடிதங்கள் குவிந்தன. அதே மாதிரி இன்னும் நான்கு எழுதினேன். அடுத்ததற்கு உட்கார்ந்தபோது முதல் வரி வரவில்லை. அப்புறம் எட்டு மாதம் எதுவுமே எழுதவில்லை.

ஆனால் அந்த நான்கு லட்சம் பேரைக் குறைவாக நினைக்காதீர்கள். தினமும் பார்க்கிற கோயிலில் தனக்குத் தெரியாத ஏதோ இருக்கிறது என்று அவர்கள் நம்புகிறார்கள். சரியான நம்பிக்கைதான், மண்ணுக்கடியில் தேடுகிறார்கள், அவ்வளவுதான். தஞ்சைப் பெரிய கோயிலின் தளிச்சேரிக் கல்வெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். தளிச்சேரி என்றால் கோயில் ஆடல் மகளிர் குடியிருந்த தெருக்கள். ராஜராஜன் கொண்டுவந்து குடியமர்த்திய சுமார் 400 ஆடல் மகளிர். ஒவ்வொருவரின் பெயர், எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவர், தெருவின் எந்தச் சிறகில், அதாவது எந்தப் பக்க வரிசையில், எத்தனையாவது வீடு என எல்லாம் கல்லில் இருக்கிறது. ஆளுக்கு ஒரு பங்கு, அதாவது ஆண்டுக்கு 100 கலம் நெல். ஆயிரம் வருடத்துக்கு முந்தைய வீட்டு முகவரிகள் ஐயா இவை! "இந்தத் தெருவில் மூன்றாம் வீட்டில் யார் இருந்தார்?" என்று தொடங்கிப் பாருங்கள். சுரங்கம் கேட்டவரும் நின்று கேட்பார்.

கமென்ட்டுகளை இரண்டு மாதம் படிக்க வேண்டாம். யூடியூப் ஸ்டுடியோவில், பார்ப்பவர்கள் எந்த நொடியில் விலகினார்கள் என்று காட்டும் கோடு இருக்கிறதே, அதைப் பாருங்கள். உத்திரமேரூர் வீடியோவில் அந்தக் கணக்கு விதி வரும் இடத்தில் கோடு மேலே ஏறியிருந்தால், அந்த இடத்தைத் தேடி வந்தோ மறுபடியுமோ பார்த்தவர்கள் இருக்கிறார்கள். அப்படிப் பார்ப்பவர்கள் பெரும்பாலும் கமென்ட் போடுவதில்லை.

வீட்டுச் செலவே இதை நம்பித்தான் என்றால், மாதம் ஒரு சுரங்கம் எடுங்கள், தவறில்லை. கதையைக் கதை என்று சொல்லிவிடுங்கள், போதும்.

தஞ்சைக்குப் போனால் வெயில் சாய்ந்திருக்கும் நேரத்தில் போங்கள். உச்சி வெயிலில் எழுத்து சரியாகத் தெரியாது. கேமராவை நகர்த்தாமல் ஒரு பெண்ணின் பெயரையாவது முழுசாக எழுத்துக்கூட்டிப் படித்துக் காட்டுங்கள். போட்டதும் எனக்கு லிங்க் அனுப்புங்கள்.